சாக்கு மாமாவின் தவளைக் கணக்கு

எங்கள் மாமா கையில் வாளியோடு தெருவில் நடந்தால் மூன்று வீட்டு ஜன்னல் திறக்கும். சாக்கோடு நடந்தால் எல்லா வீட்டு ஜன்னலும் திறக்கும். அம்மாவுக்கு அண்ணன் அவர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். சாக்கு மாமா என்று கேட்டால் தெருநாய்கூட வாசல்வரை கொண்டுவந்து விடும்.

இருபத்திரண்டு வருடம் அவர் பார்த்த தொழில் தவளை பிடிப்பது. கல்லூரிகளில் தவளையைப் பலகையில் மல்லாத்திக் குண்டூசி குத்தி வயிற்றைக் கீறிப் பாடம் நடத்தினார்களே, அந்தத் தவளைகள் எங்கிருந்து வந்தன என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. மாமாவின் சாக்கிலிருந்து வந்தன. ஈரச் சாக்கு, உள்ளே ஈர இலை, வாயில் இரட்டை முடிச்சு, பஸ்ஸில் கடைசி சீட். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதுதான் அந்தத் தொழிலில் இருந்த ஒரே சுகம் என்பார்.

பிறகு அறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு அறுபது தவளையோடு போனவரைக் கல்லூரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் சாக்கு சீட்டை நனைக்கிறது என்று கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டார். இறங்கிய இடத்தில் ஒரு பழைய செங்கல் சூளை. மண் எடுத்த குழியில் மழைத் தண்ணீர் நின்றது. முடிச்சை அவிழ்த்துக் கொட்டிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. இனிமேல் தவளையைத் தொடுவதில்லை என்று அத்தையின் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தார்.

அதனால்தான் இந்த வருடம் மழை ஆரம்பித்ததும், மாமா விடிந்தும் விடியாமலும் வாளிகளோடு கிளம்ப ஆரம்பித்தபோது, அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“இந்நேரத்துல ஒரு மனுஷன் வாளிய எடுத்துக்கிட்டு எங்கடி போவாரு?”

“தண்ணி பிடிக்கத்தான் அத்தை.”

“வாளிக்கு அடியில ஓட்டை போட்டிருக்காருடி! நானே எண்ணிட்டேன். ஏழு ஓட்டை!”

எனக்கும் அப்போதுதான் சுவாரசியம் பிறந்தது. ஓட்டை வாளி என்பது சாதாரண விஷயமில்லை. அதோடு, பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. காலையில் எனக்கு வேறு வேலை கிடையாது.

“கேட்டா என்ன சொல்றாரு?”

“எவளோ டீச்சராம். தவளையக் காப்பாத்துறாங்களாம். அதுக்கு இவரு உதவியாம்.” அத்தை உதட்டைப் பிதுக்கினார். “இவரு காப்பாத்துறாரு! யார்கிட்ட காது குத்துறாரு? நீ போய்ப் பாரு. எத்தனை எடுக்கிறாரு, எத்தனை விடுறாருன்னு எனக்கு எண்ணிக்கை வேணும்.”

மறுநாள் சைக்கிளை ஓசையில்லாமல் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஊர் முடிந்ததும் பெரிய சாலை. ஒரு பக்கம் புதரும் கல்லுமாக மேடு. மறுபக்கம் அந்தச் சூளைக் குழி. மேட்டுப் பக்கமாகச் சாலை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளை நீளமாகக் கட்டியிருந்தார்கள். பத்தடிக்கு ஒரு பெயிண்ட் வாளி, வாய்மட்டம் வரை மண்ணில் புதைத்திருந்தது. எனக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மழை பெய்தால் தவளைகள் மேட்டிலிருந்து குழிக்கு முட்டையிட இறங்கும். நடுவில் லாரி ஓடும் சாலை. தாள் வழியை மறிக்கும், ஓரமாகவே தத்திப்போய் வாளியில் விழும். காலையில் ஒருவர் வந்து அள்ளிச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். ஓட்டை, மழைத்தண்ணீர் வடிய. வாளிக்குள் ஒரு குச்சி சாய்த்து வைத்திருந்தது, எலியும் அரணையும் தாமாக ஏறித் தப்பிக்க.

ஏற்பாடெல்லாம் ஒழுங்குதான். ஆனால் இதே தாள், இதே வாளி, இதே குச்சியை வைத்துத்தான் மாமா முன்னாலும் பிடித்தார். அள்ளிப் போட்டுக்கொண்டதும் அதே பழைய ஈரச் சாக்கில்.

புதருக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்து நான்கு. மாமா சாக்கைத் தோளில் போட்டுச் சாலையைக் கடந்து சரிவில் இறங்கினார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது சாக்கு காலி. கம்பத்தில் ஒரு நோட்டு பிளாஸ்டிக் உறைக்குள் கயிற்றில் தொங்கியது. அதில் ஏதோ எழுதிவிட்டு வேலைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் எடுத்துப் பார்த்தேன்.

பதினொன்று.

முப்பத்து நான்கு எப்படிப் பதினொன்று ஆகும்? மீதி இருபத்து மூன்று எங்கே போனது?

அத்தையிடம் சொன்னேன். அத்தை அன்றைய தேதித்தாளைக் காலண்டரிலிருந்து கிழித்துப் பின்பக்கம் ‘34’ என்று எழுதி அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினார். “மொத்தமாச் சேரட்டும். ஒருநாள் வச்சுக்கறேன்.”

அதற்குப் பிறகு தினமும் போனேன். நாற்பத்தெட்டு எடுத்தால் பதினாறு எழுதினார். அறுபத்தொன்று எடுத்தால் இருபது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் சரிவில் என்ன செய்கிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை. அங்கே யாராவது வண்டியோடு காத்திருக்கிறார்களோ? அத்தை வீட்டுக்குள் கட்டிலடி, பரண், மாமாவின் மதியச் சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் சோதனை போட்டார். ஒரு நாள் அவர் சட்டைப்பையை மோந்துகூடப் பார்த்தார். பெயிண்ட் வாசனைதான் வந்தது. “பாத்தியா, வாசனை போகக் கழுவியிருக்காரு” என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு காலையில் மாமாவுக்கு முன்பே போய் மூன்றாவது வாளியில் ஒரு ரப்பர் தவளையைப் போட்டு வைத்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளுகிறாரா, எண்ணித்தான் அள்ளுகிறாரா என்று பார்க்க. அன்றைக்கு நோட்டில் வழக்கம்போல ஏதோ ஓர் எண். ரப்பர் தவளையைக் காணோம். சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த என் செருப்புக்குள் அது சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. முதுகில் நீலப் பெயிண்டில் ஒரு புள்ளி.

ஆக, நான் பார்ப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பொய் எழுதுகிறார். பயமில்லாத திருடனைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

பதினாறாம் நாள் முன்கூட்டியே சரிவில் இறங்கி, இடிந்த சூளைச் சுவருக்குள் ஒளிந்துகொண்டேன். மாமா வந்தார். தண்ணீர் ஓரம் குந்தினார். சாக்கின் வாயை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தண்ணீரில் விட்டார். போடவில்லை, எறியவில்லை. கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி விரலைத் திறந்தார், அது தானாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டு எண்ணினார்.

“முப்பத்தெட்டு… முப்பத்தொம்பது… ஏய், கடிக்காத… நாப்பது.”

சாக்கை உதறினார். ஒன்றுகூட மிச்சமில்லை. அப்புறம் மேலே ஏறி நோட்டில் எழுதிவிட்டுக் குரல் கொடுத்தார்.

“மருமகளே, அந்தச் சுவத்துல சாயாத. இடிஞ்சு விழுந்தா உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்.”

வெளியே வந்தேன். வேறு வழியில்லை. நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பதின்மூன்று.

“நாப்பது விட்டீங்க. நான் என் கண்ணால பாத்தேன். எதுக்குப் பதிமூணுன்னு எழுதுறீங்க?”

“உனக்கு எப்போலேர்ந்து கணக்கு வர ஆரம்பிச்சுது?”

“பேச்ச மாத்தாதீங்க மாமா.”

அவர் வாளி விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். “மூணுல ஒண்ணுதான் எழுதுவேன். முழுசா எழுதுனா என்னை மாதிரி ஒருத்தன் வருவான்.”

“புரியல.”

“நான் எப்படி எடம் கண்டுபிடிச்சேன்னு நெனச்ச? மோப்பம் பிடிச்சா? கல்லூரி அறிவிப்புப் பலகையில ஒட்டுவாங்க. இந்தக் குளத்துல இத்தனை தவளை, அந்த ஏரியில இத்தனைன்னு பசங்க போய் எண்ணிட்டு வந்து அழகா எழுதி ஒட்டுவாங்க. நான் சரக்க எறக்கிட்டு அதை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எங்க நெறைய இருக்கோ அங்க சாக்கோட போவேன். மூணு குளத்த அப்படித் துடைச்சு எடுத்திருக்கேன். மூணுலயும் இன்னிவரைக்கும் ஒரு சத்தம் இல்ல.”

“இப்பதான் அறுக்கிறதே இல்லையே.”

“அறுக்கலன்னா என்ன? வாங்குறவன் எங்கயோ இருந்துக்கிட்டேதான் இருக்கான். ஆமையக்கூடக் கேட்டு வர்றான், வீட்டுத் தொட்டியில போட. பதினொண்ணு, பதிமூணுன்னு எழுதியிருந்தா எவனும் பெட்ரோல் போட்டுக்கிட்டு வரமாட்டான்.”

சொல்லிவிட்டுப் பெருமையாகத்தான் பார்த்தார். எனக்கோ நோட்டு உறையின் பின்பக்கம் மடித்துச் செருகியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. அடுத்தவர் காகிதம் என்றால் எனக்குக் கை நிற்காது. எடுத்துப் பிரித்தேன்.

“அதைத் தொடாத. சீல் குத்தின காகிதம்னா நான் பக்கத்துலயே போகமாட்டேன்.”

“அதனாலதான் உங்களுக்குத் தெரியல” என்றேன். நகராட்சியிலிருந்து டீச்சருக்கு வந்த கடிதம் அது; மாமா பார்க்கட்டும் என்று அவர்தான் அங்கே செருகியிருக்க வேண்டும். குழியைக் கட்டட இடிபாடு கொட்டி மூடி, லாரி நிறுத்தும் இடமாக்கப் போகிறார்கள். இந்த மழைக்காலத்தில் ஐந்நூறுக்கு மேல் தவளைகள் குழிக்கு வருவதாக எண்ணிக் காட்டினால் மட்டும் வேறு இடம் பார்ப்பார்கள். எண்ணிக்கை வெள்ளிக்கிழமை போய்ச் சேர வேண்டும்.

அன்று வியாழன்.

நோட்டில் எல்லாவற்றையும் கூட்டினேன். விரல்விட்டு, இரண்டு தடவை. நான் வேவு பார்க்க ஆரம்பித்ததற்கு முந்தைய மூன்று நாளையும் சேர்த்து இருநூற்று நாற்பத்தொன்று.

மாமா குழியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். ஒரு லாரி போனது. சாக்கை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“நானே மூடிட்டேனா?” என்றார்.

அன்றைக்கு அவர் பெயிண்ட் கடைக்குப் போகவில்லை. என்னையும் நோட்டையும் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக டீச்சர் வேலை பார்க்கும் கல்லூரிக்கு மிதித்தார், முன்பு அவரிடம் தவளை வாங்கிய அதே கல்லூரி. வழியில் வீட்டில் நிறுத்தியபோது நான் அத்தையிடம் விஷயத்தைக் கொட்டினேன். அத்தை நம்பவில்லை. “இதுவும் ஒரு நாடகமா இருந்தா?” என்று புடவையை மாற்றிக்கொண்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த தாள்களை அள்ளிக்கொண்டு, ஆட்டோ பிடித்து எங்களுக்கு முன்பே போய் இறங்கிவிட்டார்.

டீச்சர் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். சுவர் நெடுகக் கண்ணாடிப் புட்டிகள். அலமாரியில் பழைய அறுப்புப் பலகைகளைச் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். மாமா அந்தப் பக்கம் பார்க்காமல் கதவருகிலேயே நின்றார். நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல டீச்சரின் முகம் இறுகிக்கொண்டே போனது.

“பத்தொம்பது நாளா நீங்க எழுதுனது பொய்?”

“ஆமாங்க.”

“நேத்துவரைக்கும் பொய். நாளைக்குக் கடிதம் போகணும்னதும் இன்னைக்கு மூணு மடங்கு. நான் எதை நம்புறது? உங்கள இந்த வேலையில வச்சதுக்கே எத்தனை பேர் என்னைக் கேட்டாங்க தெரியுமா? திருடன்கிட்டச் சாவியக் குடுக்கறீங்களேன்னு.”

“நீங்க கணக்குக் கேட்டப்போ எனக்கும் அப்படித்தாங்க இருந்துது” என்றார் மாமா மெதுவாக. “முன்னாடி என்கிட்ட எண்ணி வாங்குனதும் நீங்கதான். இப்பவும் எத்தனைன்னு கேக்கறதும் நீங்கதான்.”

அத்தை முன்னே வந்து காலண்டர் தாள்களை மேசைமேல் பரப்பினார்.

“என்னம்மா இது?”

“இவரு தெனமும் எடுத்த எண்ணிக்கை. இவ ஒளிஞ்சு இருந்து எண்ணுனா, நான் எழுதி வச்சேன்.”

“எதுக்காக?”

“இவரைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான்!” அத்தைக்கு ஒளிவுமறைவு கிடையாது. “மறுபடி விக்க ஆரம்பிச்சுட்டாருன்னு நெனச்சேன். இப்பவும் பாதி நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

டீச்சர் முதல்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நோட்டையும் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக விரலை ஓட்டினார். முப்பத்து நான்கு, பதினொன்று. நாற்பத்தெட்டு, பதினாறு. அறுபத்தொன்று, இருபது. ஒவ்வொரு நாளும் சரியாக மூன்றில் ஒன்று, பின்னம் வந்தால் தள்ளுபடி. ஒரு நாளில் மட்டும் விரல் நின்றது.

“இங்க இடிக்குது. இந்தப் பொண்ணு எண்ணுனது இருபத்தொம்பது. மூணுல ஒண்ணு ஒம்பதுதான். நீங்க பத்துன்னு எழுதியிருக்கீங்க.”

நான் பயந்துபோனேன். மாமா மட்டும் யோசிக்கவே இல்லை.

“அன்னைக்குக் கடைசி வாளியில தண்ணிப்பாம்பு விழுந்திருந்துதுங்க. வயித்துல ரெண்டு புடைப்பு. அதுங்களும் குழிக்குன்னு கெளம்பி வந்ததுதானே? சேத்து முப்பத்தொண்ணுன்னு வச்சுக்கிட்டேன்.”

“பாம்பு?”

“பாம்பையும் குழியிலதான் விட்டேன். அது எங்க போகும் பாவம்.”

பாம்பை நானும் பார்த்தேன் என்று தலையாட்டினேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்ன என்று அத்தை என் விலாவில் இடித்தார்.

“பொய்யக்கூட இவ்வளவு ஒழுங்கா யாராலயும் சொல்ல முடியாது” என்றார் டீச்சர். “அதோட, இந்தத் தாள் இவருக்கு எதிரா எழுதுனது. இதை யாரும் இட்டுக்கட்டுனதுன்னு சொல்ல முடியாது.” தாள்களிலிருந்த எண்களைக் கூட்டினார். அறுநூற்று எண்பத்தெட்டு.

நோட்டையும் தாள்களையும் சேர்த்தே அனுப்புவதாகவும், மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். நானும் அத்தையும் போட்டோம். மாமா பேனாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

“இதை மறுபடி பலகையில ஒட்டுவீங்களா?”

“எந்தப் பலகை?”

“வெளிய இருக்கே, அதுதான். நீங்க ஒட்டுன பட்டியல படிச்சுத்தாங்க மூணு குளத்தையும் நான் காலி பண்ணுனேன்.”

டீச்சரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அந்தக் கட்டிப்போட்ட அறுப்புப் பலகைகளைப் பார்த்தார். “எழுதுனது பசங்க. ஒட்டச் சொன்னது நான்” என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே எழுதிக் காட்டினார். ஊருக்குத் தெரியும் பட்டியலில் எண்ணிக்கை இருக்கும், இடம் இருக்காது. அலுவலகத்துக்குப் போகும் காகிதத்தில் மட்டும் இடம் இருக்கும்.

“ஆபீசுல பியூன் இருப்பானே?” என்றார் மாமா.

“இருப்பார்.”

“அவனுக்கு மச்சான் இருப்பானே?”

“யோவ், போடுய்யா கையெழுத்த!” என்றார் அத்தை.

போட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. லாரி நிறுத்துமிடம் ஊருக்கு அந்தப் பக்கம் போனது. குழியை யாரும் தொடவில்லை. அதற்குள் வாலோடு நீந்திக்கொண்டிருந்த கறுப்புப் பொட்டுகளுக்குக் கால் முளைத்து, நகத்தளவு தவளைகளாகக் கரையேறி, மேட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தன. மாமா தாளைச் சாலையின் குழிப் பக்கத்துக்கு மாற்றிக் கட்டினார். இந்தமுறை மூன்று பேர் எண்ணினோம். மூன்று பேரும் தனித்தனியாக எண்ணி, ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் நம்பாமல், மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.

நகராட்சிக்காரர்கள் நல்ல எண்ணத்தில் ஒரு காரியம் செய்தார்கள். குழிக்கு முன்னால் பச்சைப் பலகை ஒன்று நட்டு, ‘தவளைகள் பெருமளவில் வாழும் இடம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார்கள். மூன்றாம் நாள் பலகையைக் காணோம். டீச்சர் விசாரிக்க வந்தார்.

“காத்து அடிச்சுதுங்க” என்றார் மாமா.

“சிமெண்ட் போட்டு நட்டது.”

“நல்ல காத்துங்க.”

அத்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு இப்போது பச்சை நிறத்தில் ஒரு புது மூடி வந்திருக்கிறது. எழுத்து உள்பக்கம்.

போன வாரம் நானும் மாமாவும் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது மோட்டார் பைக்கில் ஒருவர் வந்து நின்றார். சுத்தமான சட்டை. கழுத்தில் பெரிய கேமரா. பின் சீட்டில் ஒரு பை கட்டியிருந்தது.

“அண்ணே, இந்தப் பக்கம் ஏதோ குழியில தவளை நெறைய இருக்காமே?”

மாமா தலையைத் தூக்காமல் அந்தப் பையைப் பார்த்தார். முடிச்சைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“யார் சொன்னது?”

“சும்மா, கேள்விப்பட்டேன். படம் எடுக்கலாம்னு.”

“அது இங்க இல்லீங்களே. நேராப் போயி, ரயில் கேட் தாண்டி, இடதுகைப் பக்கம் ஒரு கல்லுக்குட்டை வரும். அங்கதான்.”

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கல்லுக்குட்டையில் பாசிகூடக் கிடையாது. புழுதி அடங்கும்வரை மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவம் மாமா. நல்ல மனுஷனா இருந்தா?”

“இருக்கலாம்.”

“படம் எடுக்கத்தான் வந்திருந்தா?”

“எடுக்கட்டும். அங்கயும் கல்லு நல்லா இருக்கும்.” வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பையைப் பார்த்த அதே பார்வை. “சரி, அவனுக்கு யார் சொன்னது? நீ எவகிட்டயாவது ஒளறினியா?”